பனிச்சங்கேணியிலிருந்து செய்தி எதுவும் இல்லை

அத்தியாயம் 6

'வாவிக்குரல்' அமையத்தின் பணிப்பாளர் கலாநிதி குலவீரசிங்கத்தின் அறைக்குள் நுழைய விரும்புகிறவர் முதலில் கதவிலுள்ள பெயர்ப்பலகையைக் கடக்க வேண்டும். மேனுகாவுக்கு அதற்கே ஒரு நிமிடம் பிடித்தது. தேசம், சமூகம், சமாதானம், சமுத்திரம் என்று நான்கின் பெயராலும் பட்டங்கள் வரிசையாக வந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் அவருடைய சொந்தப் பெயர் களைத்துப்போய் நின்றது.

"நானா, பலகை முடிஞ்சிது. கதவின்ட கைபிடியத்தான் இன்னும் காணல்ல," என்றாள்.

மீராசாஹிப் சிரிக்கவில்லை. அவர் தன் சாரத்தின் ஓரத்தை அமையத்தின் பளிங்குத் தரையில் பிழிந்துகொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே காலையிலிருந்து உப்புத்தண்ணீர்.

முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்தவர் அவர். அதிலும், ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிவரும் கடிதங்களைப் பார்க்கிற பிரிவில். ஓய்வுபெற்றதும் காத்தான்குடியில் ஒரு தையல் கடைக்கு மேலே 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டினார். பலகையில் அந்த இரண்டு சொல்லும் ஒரு தொலைபேசி இலக்கமும் மட்டும்தான். இலக்கம் மேனுகாவுடையது. அவள் தன்னாமுனைக்காரி. டவுனில் கைபேசி திருத்தும் கடையில் இருந்தவள், முதலாளியைக் கிண்டல் பண்ணி வேலையை இழந்தவள். இப்போது மீராசாஹிப்பின் உதவியாளர், ஸ்கூட்டிச் சாரதி, அவர் சிரிக்காத பகிடிகளுக்குச் சேர்த்துச் சிரிப்பவள்.

அவர்கள் தேடிவந்தது அன்ரோவை.

பனிச்சங்கேணி அன்ரோ போன வியாழக்கிழமை விடியக் கடலுக்குப் போனவன். இன்று புதன்கிழமை. அவன் வழக்கமாக வலை போடும் வடக்குப் பக்கமெல்லாம் ஊர்க்காரர் இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் 'வாவிக்குரல்' அமையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடலுக்குப் போகிறவர்களுக்குச் சிவப்புப் பொத்தான் வைத்த கருவிகளைக் கொடுத்தது இந்த அமையம்தான். ஆபத்து வந்தால் பொத்தானை அமத்தி, இரண்டு வரி எழுதி அனுப்பலாம். அமையத்தின் செம்மஞ்சள் படகுகள் இரண்டும் தேடி வரும். கடிதம் சொன்னது: 'மேற்படி நபரிடமிருந்து ஆபத்துச் செய்தி எதுவும் கிடைக்கப்பெறாமையால், மேற்படி நபர் ஆபத்தில் இல்லை.'

முத்திரை குத்திய கடிதம். ஊர் தேடலை நிறுத்திவிட்டது. ஆபத்தில் இல்லாதவன் அப்படியென்றால் எங்கே? யாரோ ஒருவன் அவுஸ்திரேலியா என்றான். மறுநாள் அது ஊருக்கே தெரிந்த உண்மையாகிவிட்டது.

"அவுஸ்திரேலியாவுக்குப் போற மனிசன், செருப்புக்கு வார் தைக்கக் குடுத்திட்டா போவார்?" என்று காலையில் அன்ரோவின் மனைவி ஜெனிற்றா கேட்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை எடுக்கிறதெண்டு எழுதின துண்டும் கிடக்கு. அவர் கூப்பிட்டிருப்பார், மேனுகாக்கா. அந்தக் கருவி தந்த நாளில இருந்து கைபோனையும் வீட்டில வச்சித்துத்தான் போவார். இது போதும் எண்டுவார். கூப்பிட்டாரா இல்லையா எண்டு மட்டும் கண்டுபிடிச்சித் தாங்க. கூப்பிட்டிருந்தா அவங்கட படகு இறங்கித்தானே ஆகவேணும்?"

கேள்வி அவ்வளவுதான். பதிலுக்காகத்தான் மீராசாஹிப் கடலில் இறங்கினார். கரையில் நின்று பொத்தானை அமத்தினால் கருவி பறிமுதல் என்பது அமையத்தின் சட்டம். ஆகவே அன்ரோவின் தமையன் மத்தேயுவின் வள்ளத்தில் அவரை ஏற்றி, கரையிலிருந்து இருபது பாகத் தூரம் தள்ளிப் போய், மத்தேயுவின் கருவியில் அவர் கையாலேயே அமத்த வைத்தார்கள். ஏறும்போது வழுக்கி இடுப்புவரை நனைந்தார். 'இது மீராசாஹிப். சுகம்.' என்று எழுதி அனுப்பினார். ஒரு வினாடியில் கருவி மரியாதையாகப் பதில் சொன்னது:

'உங்கள் செய்தி கிடைத்தது. இருந்த இடத்திலேயே இருக்கவும். உதவி வந்துகொண்டிருக்கிறது.'

"கெட்டிக்காரக் கருவி," என்றாள் மேனுகா. "நீங்க சுகம் எண்டதுக்கும் உதவி வருகுதாம்."

மீராசாஹிப் பதிலைப் பார்க்கவில்லை. கரையில் நின்ற கம்பத்தைப் பார்த்தார். அதன் உச்சியில் நான்கு பக்கமும் வாய் திறந்த சைரன். திட்டம் தொடங்கிய நாள் போட்ட மாலை இன்னும் அதில் காய்ந்து தொங்கியது.

"செய்தி போனா அது அடிக்கவேணுமாமே?"

"ஓம், அப்பிடித்தான் சொன்னாங்க," என்றான் மத்தேயு. "மாலை போட்ட நாளைக்கு அவங்களே கையால அடிச்சிக் காட்டினாங்க. பிறகு வாயே திறக்கல்ல."

---

கலாநிதி குலவீரசிங்கம் எழுந்து நின்று வரவேற்றார். அவர் பேசினால் யாரோ பின்னால் இருந்து கைதட்டக் காத்திருப்பது போல இருக்கும். வாக்கியம் முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி விடுவார்.

"பனிச்சங்கேணி எங்கள் திட்டத்தின் முத்து," என்றார். இடைவெளி. "தொடக்க விழாவுக்குப் பின் பதினேழு நாட்கள். ஒரு செய்திகூட இல்லை. பூரண அமைதி. சனிக்கிழமை அந்தக் கிராமத்துக்குக் கேடயம் வழங்குகிறோம்."

கேடயம் மேசையிலேயே இருந்தது. சுவரில் பெரிய திரை. ஒவ்வொரு ஊர்த் துறைக்கும் நேரே, அங்கிருந்து வந்த ஆபத்துச் செய்திகளின் எண்ணிக்கை: நாசிவன்தீவு நாற்பத்தொன்று, காயாங்கேணி இருபத்தாறு, பாலமீன்மடு முப்பத்துமூன்று. பனிச்சங்கேணி பூச்சியம். பூச்சியத்துக்கு மட்டும் பச்சை நிறம் கொடுத்து, பக்கத்தில் ஒரு புறாவும் போட்டிருந்தார்கள்.

மீராசாஹிப் கதிரையின் ஓரத்தில், அதை நனைக்காமல், உட்கார்ந்தார்.

"நாசிவன்தீவு நாப்பத்தொண்டில தெரியாம அமத்தினது எத்தின ஐயா?"

"முப்பத்தெட்டு. மக்களிடம் விழிப்புணர்வு போதாது."

"பனிச்சங்கேணியில தெரியாம அமத்தினது?"

"சொன்னேனே. பூச்சியம்."

"அப்ப அந்த ஊரார்ட விரலெல்லாம் படிச்ச விரல்."

"இல்லாட்டி ஊருக்கே விரல் இல்ல," என்றாள் மேனுகா.

பணிப்பாளர் அவளைப் பார்க்காமல் இருக்கும் விதமாகப் பார்த்தார். மீராசாஹிப் தன் ஈரச் சாரத்தைக் காட்டினார்.

"இண்டைக்குக் காலம எட்டரைக்கு நான்தான் ஐயா அமத்தினன். கரையில இல்ல, கடல்ல. செய்தி கிடைச்சிது எண்டு உங்கட மெஷின் பதிலும் போட்டிச்சி. உங்கட திரை மட்டும் இன்னும் புறா பறக்க விட்டுத்து நிக்கிது."

இந்த முறை இடைவெளி தானாக வந்தது.

"தொலைந்திருக்கலாம்," என்றார் பணிப்பாளர். "தொழில்நுட்பத்தில் அப்படி நடப்பதுண்டு."

"தொலையாது சேர்."

குரல் மூலையிலிருந்து வந்தது. சனிக்கிழமை விழாவுக்காக ஒலிபெருக்கி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் சொன்னான். பெயர் இன்ஷாப், ஏறாவூர். இந்த முழு அமைப்பையும் எழுதிய மென்பொருள் பொறியியலாளர் அவன்தான். ஆனால் அமையத்தில் மூன்று மாதமாக அவனுக்குக் கிடைத்த வேலை ஒலிபெருக்கி.

"மூண்டு இடத்தில மூண்டு மெஷின் வச்சிரிக்கன்," என்றான், பணிப்பாளரைப் பார்க்காமல் மீராசாஹிப்பிடம். "ஒரு செய்தி வந்தா மூண்டிலயும் எழுதிப்போட்டுத்துத்தான் 'கிடைச்சிது' எண்டு பதில் போகும். ஒண்டு பத்தி எரிஞ்சாலும் மற்ற ரெண்டிலயும் இரிக்கும். தொலையவே தொலையாது, சாச்சா."

"அப்ப என்ட செய்தி எங்க மகன்?"

"வரிசையில நிக்கும்."

"அத ஆரும் வாசிக்கல்லையா?"

இன்ஷாப் வயரைக் கீழே வைத்தான்.

"அதத்தான் இஞ்ச இரிந்து நான் பாக்க ஏலாது. காத்திரிக்கிற செய்தி எத்தினையெண்டு காட்டுற பக்கத்தை எடுக்கச் சொல்லிட்டாங்க. கொடையாளருக்கு வடிவில்லையாம்."

---

அமையத்தின் 'கட்டளை மையம்' முன்பு சமையலறையாக இருந்த அறை. கணினி இருந்த மேசைக்குப் பக்கத்தில் இன்னும் தொட்டியும் குழாயும் இருந்தன. சுவரில் ஒரு பதாகை: 'எந்தச் செய்தியும் ஒதுக்கப்படமாட்டாது.' கீழே பணிப்பாளரின் கையொப்பம், பதாகையைவிடச் சற்றே சிறியது.

நால்வரும் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இன்ஷாப் தட்டினான்.

"ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வரிசை. முதல் வந்தது முதல்ல. வாசிக்கிற மெஷின் ஒவ்வொண்டா எடுக்காது; அப்பிடி எடுத்தா போய்ப் போய் வாறதிலயே நேரம் போயிடும். பத்துப் பத்தா எடுக்கும். பத்து சேரல்லையெண்டா அரை நிமிசம் பாத்துத்து, உள்ளத எடுக்கும்."

"கட்டுக் கட்டா," என்றார் மீராசாஹிப். "கடிதத்தையும் நாங்க கட்டாத்தான் எடுப்பம்."

"ஓம். பத்தும் சரியா வாசிச்சி முடிஞ்சா, 'முடிந்தது' எண்டு அடையாளம் போட்டுத்து அடுத்த பத்துக்குப் போகும். பத்தில ஒண்டு பிசகினாலும் பத்தும் திரும்ப அதே இடத்துக்குப் போயிடும். பிறகு திரும்ப முதல்ல இருந்து."

"திரும்பவும் அதே ஒண்டு பிசகினா?"

"திரும்பவும் போகும்."

"எத்தின தரம்?"

இன்ஷாப் பதாகையைப் பார்த்தான். "மூண்டு தரம் பிசகினா அந்த ஒண்ட மட்டும் ஒதுக்கி வைக்கிற பெட்டி ஒண்டு நான் வச்சிரிந்தன். எடுக்கச் சொல்லிட்டாங்க."

"ஒதுக்குதல் என்ற சொல் எங்கள் விழுமியங்களுக்கு எதிரானது," என்றார் பணிப்பாளர். இடைவெளி விட மறந்துவிட்டார்.

"ஐயா, முப்பத்தொரு வருசம் நான் அந்தப் பெட்டிக்குள்ளதான் வேலை செஞ்சன்," என்றார் மீராசாஹிப். "விலாசம் பிழையான ஒரு கடிதத்த ஒதுக்கி வைக்காம, அதைப் பிடிச்சித்து ஒரு தபால்காரன் நடுறோட்டில நிண்டானெண்டா, அவன்ட பையில இருக்கிற எல்லாருக்கும் கடிதம் இல்ல. இப்ப சொல்லு மகன். பனிச்சங்கேணி வரிசையில முதலாவதா நிக்கிறது ஆர்?"

திரையில் எழுத்துக்கள் வந்தன. மேனுகா குனிந்து வாசித்தாள். கொஞ்ச நேரம் வாசித்தாள். இதே வாசகத்தை இன்று காலை வேறு எங்கோ வாசித்த ஞாபகம். தேசம், சமூகம், சமாதானம், சமுத்திரம்.

"கதவு," என்றாள். "நானா, கதவில இருந்ததுதான் இஞ்சயும் நிக்கிது."

விழா அன்று பனிச்சங்கேணித் துறையில் குத்துவிளக்கு ஏற்றியபின், திட்டத்தின் முதலாவது செய்தியைப் பிரதம அதிதியான கலாநிதி குலவீரசிங்கமே அனுப்பினார். வாழ்த்துச் செய்தி. அனுப்புநர் பெயர் என்ற இடத்தில் தம் பட்டங்கள் அனைத்தையும் எழுதினார். இருநூற்றுப் பதினான்கு எழுத்துக்கள். மீனவர்களின் பெயருக்காக இன்ஷாப் அந்த இடத்தில் விட்டிருந்தது அறுபது.

வாசிக்கிற மெஷின் முதல் பத்தை எடுத்தது. பெயர் கொள்ளவில்லை. பத்தையும் திருப்பி வைத்தது. அரை நிமிடம் கழித்து மறுபடி எடுத்தது. இப்படியே பதினேழு நாள், இரவு பகலாக, ஏறக்குறைய நாற்பத்தொன்பதாயிரம் தரம். ஒரு வாழ்த்துரையை இத்தனை பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்ட சபை மட்டக்களப்பு மாவட்டத்தில் வேறு இருக்கமுடியாது.

"அமைதி இல்ல ஐயா இது," என்றார் மீராசாஹிப். "அடைப்பு."

"அதை அகற்றிவிட முடியாது," என்றார் பணிப்பாளர். குரல் சற்றே இறங்கியிருந்தது. "அது முதலாவது செய்தி. நினைவுக் கல்லில் பொறித்திருக்கிறது."

"அகற்ற வேணாம். பின்னால ஒரு மனிசன் நிக்கிறானா இல்லையா எண்டு பாக்கவேணும். அவ்வளவுதான்."

"செய்தியத் தொட ஏலாது," என்றான் இன்ஷாப். "ஆனா வாசிக்கிற மெஷினுக்குச் சொல்லலாம், அறுபது எழுத்துக்கு மேல வந்தா வெட்டித்து வாசி எண்டு. ரெண்டு நிமிச வேலை."

"எந்தப் பக்கத்தால் வெட்டுவீர்கள்?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"பின்பக்கத்தால."

பணிப்பாளர் நெடுநேரம் யோசித்துத் தலையசைத்தார். பின்பக்கத்தில் இருப்பது தம்முடைய பெயர் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. பட்டங்கள் தப்பின. ஆள்தான் போய்விட்டார்.

---

எடுத்துவிட்ட பக்கத்தை இன்ஷாப் திரும்பப் போட்டிருந்தான்; திரையின் மூலையில் 'காத்திருப்பவை: 27' என்று இருந்தது. இன்ஷாப் கடைசி விசையைத் தட்டினான்.

முதல் பத்து. வாழ்த்துச் செய்தி, அதற்குப் பின்னால் ஒன்பது 'நன்றி ஐயா'. விழா அன்று அமையத்து ஊழியர்கள் ஒவ்வொரு மீனவனின் கருவியிலும் தாமே தட்டி அனுப்பியவை. ஒன்பதிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. முடிந்தது. காத்திருப்பவை பதினேழு.

இரண்டாவது பத்து. மேனுகா வாசித்தாள். 'தெரியாம அமத்திட்டன், குறை விளங்க வேணாம்.' 'ஐஸ் பெட்டி மூடி விழுந்திட்டு, ஆரும் கண்டா எடுத்து வைங்க.' அவள் சிரித்தாள். இன்னும் மூன்று அதே மாதிரி. பிறகு சிரிப்பு நின்றது.

அன்ரோ. வியாழக்கிழமை, காலை 9.12. 'வள்ளத்து மெஷின் நிண்டிட்டு. காயாங்கேணிக் கல்லுப்பாருக்கு வெளிய இரிக்கன். கரை தெரியுது.'

"தெற்கு," என்றார் மீராசாஹிப். "ஊரெல்லாம் வடக்கில தேடியிருக்கு."

9.15. 'பதில் கிடைச்சிது, சந்தோசம். தண்டு வலிச்சி வரட்டா? ரெண்டு மணித்தியாலத்தில கரைக்கு வந்திடுவன்.'

9.16. 'சரி. இருந்த இடத்திலேயே இரிக்கன். நங்கூரம் போட்டாச்சி.'

மேனுகா இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்தாள். அவன் கேட்டதற்கு யார் பதில் சொன்னது என்று விளங்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. காலையில் மத்தேயுவின் வள்ளத்தில் அவள் பகிடி பண்ணிய அதே பதில்.

12.50. 'ஆழ்கடலுக்குப் போற வள்ளம் ஒண்டு கிட்ட வந்தது. கட்டி இழுக்கட்டா எண்டு கேட்டாங்க. அவங்கட பயணமும் கெடும், நீங்களும் வாறீங்க தானே, வேணாமெண்டு அனுப்பிட்டன்.'

3.20. 'காத்து திரும்புது. வெளிக்கிட்டீங்களா?'

பத்து நிறைந்துவிட்டது. முடிந்தது என்று அடையாளம் விழுந்தது. காத்திருப்பவை: 7.

பத்துக்குக் குறைவு. மெஷின் அரை நிமிடம் பார்க்க வேண்டும். அந்த அரை நிமிடத்தில் அறையில் யாரும் எதையும் தொடவில்லை. குழாய் மட்டும் சொட்டியது.

"அந்தப் பதில் வாசகம்," என்றார் பணிப்பாளர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "நான் எழுதியதுதான். நம்பிக்கை தரும் வாசகம் என்று கொடையாளர்கள் பாராட்டினார்கள்."



மூன்றாவது கட்டு வந்தது.

5.05. 'நீந்திப் போயிடலாம் போல கிடக்கு. நீங்க வந்து வெறும் வள்ளத்தப் பாத்தா ஏமாந்து போவீங்க. இரிக்கன்.'

6.40. 'லைற் அடிக்கிறன். தெரியுதா?'

8.10. 'தண்ணி முடியுது. அவசரம் இல்ல. மெல்ல வாங்க, கடல் கடுமை.'

வெள்ளிக்கிழமை, காலை 5.30. 'நங்கூரக் கயிறு அறுந்திட்டு. இருந்த இடத்தில இரிக்க ஏலல்ல, மன்னிக்கவும்.'

5.50. 'கரை தெரியல்ல.'

6.02. 'ஜெனிற்றாட்டச் சொல்லுங்க, செருப்ப எடுக்கச் சொல்லி. இண்டைக்குத்தான் தாறதெண்டவன்.'

அதற்குக் கீழே ஐந்து நாள் ஒன்றுமில்லை. பிறகு இன்று காலை 8.30. 'இது மீராசாஹிப். சுகம்.'

முடிந்தது. காத்திருப்பவை: 0. திரையில் பச்சை நிறம் போய், விழாச் செய்திகள் பத்தும் போக, பனிச்சங்கேணிக்கு நேரே பதினேழு என்று சிவப்பாக விழுந்தது. புறாவையும் காணவில்லை.

மீராசாஹிப் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய பிரிவில் இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பிந்தி வந்த கடிதமும் நேரத்துக்கு வந்த கடிதமும் ஒரே முகத்தோடுதான் வரும். உறையின் மூலையிலுள்ள திகதியைப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும்.

"கூப்பிட்டிருக்கான்," என்றார். "பதினொரு தரம். வழக்குக்குப் பதில் கிடைச்சிட்டு."

"ஜெனிற்றாட்ட நான் சொல்றன்," என்றாள் மேனுகா. "நேர்ல போய்ச் சொல்லுவம் நானா. போன்ல ஏலாது."

அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. ஜெனிற்றா.

அழைப்பை எடுத்தவுடன் அறைக்குள் முதலில் வந்தது சைரன். கைபேசி வழியாக வந்தபோதும் நால்வருக்கும் கேட்டது. இன்ஷாப் வாயைப் பொத்திக்கொண்டான்.

"வாசிச்ச உடன அது தானா அடிக்கும்," என்றான். "ஒவ்வொரு ஆபத்துச் செய்திக்கும் ஒவ்வொரு தரம். நான் நினைக்கல்ல, சாச்சா. நான் அத நினைக்கவே இல்ல."

சைரனுக்குத் திகதி தெரியாது.

"மேனுகாக்கா," என்றாள் ஜெனிற்றா. சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பேசினாள். குரலில் ஆறு நாளாக இல்லாத ஒன்று இருந்தது. "கேக்குதா? அவர்தான். திரும்பத் திரும்ப அமத்துறார். ஊரே கரையில நிக்கிது. மத்தேயு மச்சான் வள்ளத்தத் தள்ளிட்டார். நானும் போறன்."

"ஜெனிற்றா, கொஞ்சம் கேளுங்க. அது..."

"உசிரோட இரிக்கிற ஆள்தானே அக்கா கூப்பிடும்? இவங்க அவுஸ்திரேலியா எண்டாங்க. எல்லாரும் இப்ப தலையக் குனிஞ்சித்து நிக்கிறாங்க. எந்தப் பக்கமெண்டு கேட்டுச் சொல்லுங்க, கெதியா."

மேனுகா மீராசாஹிப்பைப் பார்த்தாள். மீராசாஹிப் இன்ஷாப்பைப் பார்த்தார்.

"நிப்பாட்ட ஏலுமா?"

"நிப்பாட்டலாம். ஆனா ரெண்டும் ஒரே கட்டளை. சைரன நிப்பாட்டினா தேடுற படகும் நிண்டிடும்."

செம்மஞ்சள் படகுகள் இறங்கவேண்டும் என்றுதான் ஜெனிற்றா கேட்டிருந்தாள். அவை இப்போது இறங்கிக்கொண்டிருந்தன. ஆறு நாள் பழைய காற்றுக்குப் பின்னால், ஐந்து நாளாக யாரும் இல்லாத ஓர் இடத்தை நோக்கி. நிறுத்தச் சொல்லும் தைரியம் அந்த அறையில் யாருக்கும் இல்லை.

மீராசாஹிப் கையை நீட்டிக் கைபேசியை வாங்கினார்.

"மகள், இது மீராசாஹிப். அன்ரோ கூப்பிட்டவர். உண்மை. ஆனா கூப்பிட்டது இண்டைக்கு இல்ல. வியாழக்கிழமை. கேக்குதா மகள்? வியாழக்கிழமை."

கடைசித் தரமாகச் சைரன் அடித்தது. அது அவருடைய செய்திக்கானது, காலையில் அவர் தாமாகவே சுகம் என்று எழுதி அனுப்பியதற்கு. அது ஓய்ந்தபோது கைபேசியில் காற்றும் அலையும் மட்டும் கேட்டன. வள்ளத்து இயந்திரம் உறுமியது. அழைப்பு அறுந்தது. அவர் சொன்னதில் எது போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. மறுபடி எடுத்தார்கள். ஜெனிற்றாவின் கைபேசி கரையில் யாருடைய கையிலோ அடித்துக்கொண்டே இருந்தது.

இன்ஷாப் திரையைக் காட்டினான். காத்திருப்பவை: 1.

பனிச்சங்கேணி. மத்தேயுவின் கருவி. ஆனால் எழுதியது மத்தேயு இல்லை என்று மேனுகாவுக்குத் தெரிந்தது.

'வெளிக்கிட்டம். பன்ரெண்டு வள்ளம் வாறம். அவருக்குச் சொல்லுங்க, இருந்த இடத்திலேயே இரிக்கச் சொல்லி.'

மெஷின் உடனேயே பதில் போட்டது. செய்தி கிடைத்தது, உதவி வந்துகொண்டிருக்கிறது. பிறகு, பத்து சேர்கிறதா என்று அரை நிமிடம் பார்த்தது. வேறொன்றும் வரவில்லை. அந்த ஒன்றை மட்டும் எடுத்து, பிழையில்லாமல் வாசித்து, 'முடிந்தது' என்று அடையாளம் போட்டது.